இங்கிலிஷ் டீச்சர் எந்த நாட்டவர்?

முதலில் ஒரு சிறு சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளும், பக்கத்தில் ஒரு நண்பரும் இருந்தால் போதும். "ஷீ ஈஸ் ஆன் இங்கிலிஷ் டீச்சர்" என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி நண்பரிடம் நீட்டுங்கள். அந்த அம்மையார் யார் என்று கேளுங்கள். "இங்கிலிஷ் பாடம் நடத்துபவர்" என்பார். சரியான விடைதான். ஆனால் இங்கிலாந்தில் பிறந்த ஓர் அம்மையார், லண்டனில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றியும் இதே வாக்கியத்தை எழுதலாம். ஓர் எழுத்துக்கூட மாறாது!

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேசும்போது இந்தக் குழப்பத்தைக் குரலாலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்துபவர் என்றால் 'இங்கிலிஷ்' என்பதில் அழுத்தம் விழும். 'டீச்சர்' அடங்கி ஒலிக்கும். இங்கிலாந்துக்காரர் என்றால் 'டீச்சர்' என்பதும் அழுத்தம் பெறும். அழுத்தம் விழும் அசை சற்று உரத்து ஒலிக்கும், சற்று நீளும். பெரும்பாலும் அதன் அதிர்வெண்ணும் உயரும். நாம் பேசும்போது தொண்டையில் உள்ள குரல்நாண்கள் ஆடவருக்கு வினாடிக்கு ஏறக்குறைய 100 முதல் 130 தடவையும், பெண்களுக்கு 200 தடவை அளவிலும் அதிர்கின்றன. அழுத்தம் விழும் இடத்தில் இந்த எண்ணிக்கை கூடுவதை, ஒலிவாங்கியை ஆஸிலாஸ்கோப்பில் இணைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தமிழில் ஒரு சொல்லின் பொருளை இப்படி அழுத்தத்தால் மாற்றும் வழக்கம் இல்லை. எனவே நம் காது அதை எளிதில் பிடிப்பதில்லை. வகுப்பில் இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டியிருக்கிறேன். மாணவர்கள் சிரித்ததுதான் மிச்சம்.

எழுத்தில் அந்த ஏற்ற இறக்கமும் இல்லை. தமிழில் இந்தத் தொல்லை குறைவு. பாடம் நடத்துபவர் ஆங்கில ஆசிரியர். நாட்டால் அப்படி அழைக்கப்படுபவர் ஆங்கிலேய ஆசிரியர். மொழி ஆங்கிலம், ஆள் ஆங்கிலேயர், மொழி தமிழ், ஆள் தமிழர், தெலுங்கு, தெலுங்கர், கன்னடம், கன்னடர். ஆளுக்கு ஒரு விகுதி தனியே வந்து நிற்கிறது. அதற்காக நாம் மிகவும் பெருமைப்பட வேண்டாம். 'ஜப்பானிய ஆசிரியர்' என்று எழுதிப் பாருங்கள். அவர் ஜப்பானிய மொழியைக் கற்பிப்பவரா, ஜப்பான் நாட்டவரா? நாமும் மாட்டிக்கொண்டோம்.

ஆங்கிலம் போன்ற வளமான மொழியில் இப்படி ஒரு சொல் இரண்டு வேலை செய்வானேன்? விடை தேட, நாம் ராயபுரத்தை அடுத்த காசிமேட்டுக்குப் போவோம்.

மீனும் நிலாவும்

அதிகாலை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வந்து நிற்கின்றன. ஒரு வஞ்சிரத்தைத் தராசில் போட்டு "ஆறு கிலோ" என்கிறார் வியாபாரி. அவர் சொன்னது மீனின் நிறையா, எடையா? ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள் உடனே கையைத் தூக்குவீர்கள். நிறை என்பது பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, கிலோகிராமில் சொல்வோம். எடை என்பது அதைப் பூமி இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வோம். இரண்டும் வேறு வேறு அளவுகள். ஆனால் வியாபாரி இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வழங்குகிறார். அதனால் அவருக்கோ வாங்குபவருக்கோ காலணா நட்டமில்லை.

ஏன்? ஈர்ப்பு முடுக்கம் காசிமேட்டிலும் ஒன்றுதான், எண்ணூரிலும் ஒன்றுதான். பூமி முழுவதையும் சுற்றி வந்தாலும் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83, அரை விழுக்காடுதான் வித்தியாசம். நிறை இரு மடங்கானால் எடையும் இரு மடங்காகும். இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. அப்படியிருக்கும்போது இரண்டு சொற்கள் எதற்கு?

அந்த மீனை நிலாவுக்குக் கொண்டு போனால்தான் வம்பு. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. சுருள்வில் தராசு ஒரு கிலோ என்று காட்டும். மீன் குறையவில்லை, சொல்தான் போதாமற் போய்விட்டது.

மொழியும் நாடும் இப்படிப்பட்ட இரண்டு அளவுகளே. ஜப்பானில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பேசுவது ஜப்பானிய மொழி. அந்த மொழியைப் பேசுவோரில் மிகப் பெரும்பாலோர் ஜப்பான் நாட்டவர். 'ஜாப்பனீஸ்' என்ற ஒரு சொல்லே ஆளுக்கும் மொழிக்கும் போதும். அது காசிமேட்டுத் தராசு போன்றது. இங்கிலிஷ், ஃபிரெஞ்ச், சைனீஸ், ரஷ்யன் முதலியவை எல்லாம் ஏறக்குறைய இந்த நினைப்பில் அமைந்த சொற்கள். மொழியின் பெயரைக் கொண்டே மக்களையும், மக்களின் பெயரைக் கொண்டே நாட்டையும் அழைத்த காலத்தில் அவை வழக்கில் ஊன்றிவிட்டன.

சிற்சில இடங்களில் ஆங்கிலமும் பிரித்துச் சொல்வதுண்டு. ஸ்பானிஷ் மொழி, ஸ்பானியர்ட் ஆள். டர்க்கிஷ் மொழி, டர்க் ஆள். அராபிக் மொழி, அராப் ஆள். டேனிஷ், டேன், ஸ்வீடிஷ், ஸ்வீட் என்பனவும் இப்படியே. இதில் ஒழுங்கான விதி ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாடு மட்டும் உண்டு, அந்தப் பெயரில் மொழி இல்லை என்னும் நிலையும் இருக்கிறது. பிரேசிலியன் என்றொரு மொழி இல்லை. பிரேசில் நாட்டவர் பேசுவது போர்ச்சுகீசிய மொழி. சுவிட்சர்லாந்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என நான்கு தேசிய மொழிகள். 'சுவிஸ்' அவற்றில் ஒன்றன்று.

நம் நாட்டு நிலாக்கள்

இந்தியாவுக்கு வந்தால் ஒற்றைச் சொல் அடியோடு தோற்றுப்போகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்னும் கட்டத்தில் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. ஒரே மொழிக்குப் பல பெயர்கள் இருந்தமையால் அவற்றைச் சீர்செய்து, வகைப்படுத்தி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று கண்டார்கள். அவற்றுள் 'இந்தியன்' என்று ஒரு மொழி கிடையாது. "டூ யூ ஸ்பீக் இந்தியன்?" என்று ஒரு வெளிநாட்டு மாலுமி கேட்டால் நாம் சிரிக்கிறோம். அவர் மேல் குற்றமில்லை. அவர் ஊர்த் தராசு அப்படி.

ஆகவே இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் தனக்கென்று சில சொற்களை ஆக்கிக்கொண்டது. மொழி டமில், ஆள் டமிலியன். மொழி மராத்தி, ஆள் மகாராஷ்டிரியன். மலையாளம், மலையாளி, கன்னடா, கன்னடிகா. பெங்காலியும் குஜராத்தியும் மட்டும் பழையபடி மொழிக்கும் ஆளுக்கும் ஒன்றாகவே நிற்கின்றன. 'டமிலியன்' என்பதைக் கொச்சை என்று திருத்துகிற ஆங்கில ஆசிரியர்கள் உண்டு. (ஆங்கில ஆசிரியர்கள் என்றுதான் சொன்னேன், ஆங்கிலேய ஆசிரியர்கள் அல்லர்.) இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'எ டமில்' என்றே ஆளையும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூடுதல் 'இயன்' ஒரு வேலை செய்கிறது. நிறையையும் எடையையும் பிரிக்கிற வேலை அது. அதைப் பழிக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பம் சென்னைக்குப் புதிதும் அன்று. 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சான ஓர் அகராதியின் தலைப்பைக் கேளுங்கள்: மலபார் ஆங்கில அகராதி! தொகுத்தவர்கள் பப்ரிசியஸ், பிரைத்தாப்ட் என்னும் ஜெர்மானியப் பாதிரிமார்கள். மலையாள அகராதி என்று நினைப்பீர்கள். இல்லை, அது முழுக்க முழுக்கத் தமிழ் அகராதி. ஐரோப்பியர்கள் வழக்கமாக 'மலபார் மொழி' என்று சொல்வது தமிழைத்தான் என்ற விளக்கமும் தலைப்பிலேயே இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது? போர்ச்சுகீசியர் முதலில் வந்து இறங்கியது மேற்குக் கரையில், மலபாரில். அந்த நாட்டின் பெயரை அங்கே கேட்ட மொழிக்கு வைத்தார்கள். பிறகு அதே பெயரைத் தமிழுக்கும், அதைப் பேசிய மக்களுக்கும் நீட்டிவிட்டார்கள். மலபார் மண்ணை மிதித்தே அறியாத சென்னைத் தமிழர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகளில் 'மலபார்' ஆனார்.

தெலுங்கர் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுக்கு வைத்த பெயர் 'ஜென்டூ'. 'ஜென்டியோ' என்னும் போர்ச்சுகீசியச் சொல்லின் திரிபு அது. கிறித்தவர் அல்லாத, சிலை வணங்குபவர் என்று பொருள். மதத்தைக் குறித்த சொல் மக்களுக்காகி, அவர்கள் மொழிக்கும் ஆகிவிட்டது. 1816இல் காம்பெல் என்பவர் சென்னையில் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் தலைப்பிலும், இம்மொழியை ஜென்டூ என்று சொல்வது வழக்கம் என்ற குறிப்பு இருக்கிறது.

இன்றும் ராயபுரத்தில் மேற்கு மாதா கோவில் தெரு வழியாகப் போனால் பார்சிக்காரர்களின் நெருப்புக் கோவிலைக் காணலாம். 1910இல் கட்டியது. பார்சி என்றால் பாரசீகர். ஆனால் அவர்கள் மூதாதையர் பாரசீகத்தை விட்டு வந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. தாய்மொழி குஜராத்தி, குடியுரிமை இந்தியா. பெயர் சொல்வது மொழியையும் அன்று, நாட்டையும் அன்று. இதே பேட்டையில் நிறைய வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன, குடியுரிமை ஒன்றுதான். அரசியலமைப்பின் 366ஆம் பிரிவு, தந்தை வழியில் ஐரோப்பிய வம்சத்தைச் சேர்ந்தவர் என்ற அடிப்படையில் அவர்களை வரையறுக்கிறது. மொழியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

"பர்மீஸா?"

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டு மறக்கக் கூடியவை. இனி என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் தாயார் பிறந்தது ரங்கூனில். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அந்தத் தாயகத்தை அவர்களில் பலர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள். துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார், எர்ணாவூரில் பர்மா நகர், வியாசர்பாடியில் குடியிருப்புகள் எல்லாம் அப்படி எழுந்தவை. அதோ என்னும் நூடுல்ஸ் தின்னாத வடசென்னைப் பிள்ளைகள் உண்டோ? அதுவும் அந்தக் கப்பல்களில் வந்ததுதான்.

அம்மா 1965இல் எட்டு வயதில் வந்தார். அவருடைய அக்காள் மணமாகி அங்கேயே தங்கிவிட்டார். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவுக்கு உடல்நலம் கெட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று அம்மா பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்தார். பிறந்த இடம் வெளிநாடு ஆகையால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தேவைப்பட்டது. நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். அம்மாவே சாலையோரத்தில் டைப் அடித்துத் தரும் ஒருவரிடம் போனார். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக்கொண்டே வந்தவர், பிறந்த இடம் ரங்கூன் என்றதும் நிமிர்ந்து, "அம்மா, பர்மீஸா?" என்று கேட்டார்.

அம்மா, "ஆமாங்க, நல்லா வரும். இன்னும் மறக்கல" என்றார்.

அவர் கேட்டது நாட்டை. அம்மா சொன்னது மொழியை. 'நேஷனாலிட்டி' என்னும் இடத்தில் 'பர்மீஸ்' என்று ஏறிவிட்டது. அம்மாவுக்குத் தமிழும் பர்மிய மொழியும் படிக்க வரும், ஆங்கிலம் வராது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இந்தியப் பாஸ்போர்ட் கேட்கும் விண்ணப்பத்தோடு, நான் இந்தியக் குடிமகள் அல்லேன் என்று சொல்லும் பத்திரம்! விசாரணை, விளக்கம், மறு விசாரணை. தாயகம் திரும்பியோர் என்பதற்கான சான்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, நகல் எடுத்து, எல்லாவற்றையும் நேர் செய்ய எட்டு மாதம் ஆயிற்று. பெரியம்மா ஆறாவது மாதமே காலமாகிவிட்டார்.

டைப் அடித்தவர் மேல் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். "பர்மாவின் குடிமகளா?" என்று அவர் தமிழில் கேட்டிருந்தால் அம்மா "இல்லை" என்றிருப்பார். "பர்மா பாஷை தெரியுமா?" என்று கேட்டிருந்தால் அவரே அதை அடித்திருக்க மாட்டார். கேள்வி தமிழில் இருந்தாலும், நடுவில் இருந்த ஒரு சொல் ஆங்கிலம். மொழி, மக்கள், நாடு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிய சொல். 1989இல் அந்த நாடு தன் ஆங்கிலப் பெயரை மியான்மர் என்று மாற்றிக்கொண்ட பிறகும், பேச்சு வழக்கில் அந்த மூட்டை அவிழவில்லை.

படிவத்தில் வரும் 'நேஷனாலிட்டி' என்ற சொல்லும் யோக்கியமானதன்று. சில படிவங்களில் அதைத் 'தேசிய இனம்' என்று தமிழாக்கியிருப்பார்கள். சிலவற்றில் 'குடியுரிமை' என்றிருக்கும். தேசிய இனம் என்றால் பிள்ளைகள் 'தமிழ்' என்று எழுதுகிறார்கள். குடியுரிமை என்றால் 'இந்தியா' என்று எழுதுகிறார்கள். கேட்ட கேள்விக்கு ஏற்ற விடைதான் இரண்டும். ஆண்டுதோறும் கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்க்கும்போது 'தமிழ்' என்பதை அடித்துவிட்டு 'இந்தியன்' என்று எழுதச் சொல்கிறேன். ஏன் என்று கேட்கிற மாணவனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் வீட்டில் போனது எட்டு மாதம். இலங்கையில் இதே குழப்பம் லட்சக்கணக்கானோர் தலையில் விடிந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரை அங்குள்ள கணக்கெடுப்புகள் 1911 முதல் 'இந்தியத் தமிழர்' என்று தனியாகக் குறித்துவந்தன. எங்கிருந்து வந்த குடும்பம் என்பதைக் காட்டவே அந்த அடைமொழி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த உடன்பாட்டில் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. காரணங்கள் அரசியலைச் சேர்ந்தவை. சொல் மட்டுமே இதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு சொல்லில் 'இந்திய' என்று ஒட்டிக்கொண்டிருப்பது வம்சத்தையா, நாட்டையா என்பதைக் கேட்பவர் தம் வசதிப்படி எடுத்துக்கொள்ள முடிந்தது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் 'இந்தியத் தமிழர்' என்னும் கட்டம் இருந்தது. அப்போது அதற்குள் இருந்தவர்கள் இலங்கைக் குடிமக்கள்.

கப்பலுக்கு மூன்று கட்டம்

எண்ணூர் கடற்கரைச் சாலையில் போகும்போது, துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நல்ல தொலைநோக்கி கிடைத்தால், பின்புறத்தில் கப்பலின் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துப் பாருங்கள். பனாமா, மன்ரோவியா, மஜூரோ என்று இருக்கும். அந்தக் கப்பல்களில் பல, அந்த ஊரை ஒருநாளும் கண்டிருக்கமாட்டா. அது கப்பலைப் பதிவு செய்த துறை. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்பாடு, எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட உரிமை பெற்றதோ அந்த நாட்டினதே கப்பல் என்கிறது. ஆக, கப்பலுக்கு நாடு உண்டு. மொழி?

1990 ஏப்ரல் 7ஆம் நாள் இரவில், நார்வேக்கும் டென்மார்க்குக்கும் இடையே சென்ற ஒரு பயணக் கப்பல் தீப்பிடித்தது. பெயர் ஸ்காண்டிநேவியன் ஸ்டார். பெயரைக் கேட்டால் அந்தப் பகுதி மொழிகளைப் பேசுவோர் நடத்திய கப்பல் என்று தோன்றும். கொடி பஹாமாஸ் நாட்டுடையது. பணியாளர்களில் பலர் போர்ச்சுகீசியர். நார்வே மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பயணிகளுக்கு வழி சொல்லவோ, ஒருவர் மற்றவருக்குக் கட்டளை புரியவைக்கவோ பொதுமொழி இல்லை. 159 பேர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது, கதவுகள் சரியாக மூடாதது, பயிற்சி இல்லாதது என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மொழியும் ஒன்று.

இன்று கடல் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகளின்படி, ஒவ்வொரு கப்பலும் தன் பணிமொழி இன்னது என்று முடிவு செய்து கப்பல் நாட்குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு கப்பலின் மேல்தளத்திலிருந்து இன்னொரு கப்பலோடும் கரையோடும் பேச ஆங்கிலம். அதற்கென்று தேர்ந்தெடுத்த, இரு பொருள் தராத சொற்றொடர்களின் தொகுப்பு ஒன்று 2001இல் ஏற்கப்பட்டது. சென்னைக்கு வரும் கப்பலின் தாள்களைப் பார்த்தால் கொடி ஓர் இடத்தில் இருக்கும், மாலுமிகள் ஒவ்வொருவரின் குடியுரிமை இன்னோர் இடத்தில் இருக்கும், பணிமொழி வேறோர் இடத்தில் இருக்கும். பனாமாக் கப்பலில் பிலிப்பைன்ஸ், உக்ரைன், இந்தியா ஆகிய நாட்டவர் ஆங்கிலத்தைப் பணிமொழியாகக் கொண்டு வேலை செய்கிறார்கள். 'பனாமேனியன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் ஊகிக்க முடியாது; ஊகிக்கவும் கூடாது.

கணிப்பொறிக்காரர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். மொழிக்கு ஒரு குறியீட்டுப் பட்டியல், ஐ.எஸ்.ஓ. 639, நாட்டுக்கு வேறொரு பட்டியல், ஐ.எஸ்.ஓ. 3166. மொழியை ஆங்கிலத்தின் சிறிய எழுத்தில் எழுதுவது வழக்கம். நாட்டைப் பெரிய எழுத்தில். தமிழுக்குச் சிறிய டி, ஏ. இந்தியாவுக்குப் பெரிய ஐ, என். இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தால் 'இந்தியாவில் வழங்கும் தமிழ்'. இலங்கைத் தமிழுக்கு எல், கே. சிங்கப்பூருக்கு எஸ், ஜி. மலேசியாவுக்கு எம், ஒய். முதற்பாதி மாறாது, பிற்பாதி மட்டும் மாறும்.

இரண்டையும் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பட்டியலிலேயே ஒரு சான்று உண்டு. எம், ஒய் என்று பெரிய எழுத்தில் எழுதினால் மலேசியா என்னும் நாடு என்றேன் அல்லவா? அதையே சிறிய எழுத்தில் எழுதினால் என்ன தெரியுமா? பர்மிய மொழி! மியான்மர் நாட்டுக்கு எம், எம். அதுபோல, சிறிய எஸ், ஐ என்பது சிங்கள மொழி. பெரிய எஸ், ஐ ஐரோப்பாவில் உள்ள ஸ்லோவேனியா. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எழுத்தை மட்டும் பார்ப்பவன் கொழும்புக்குப் போக வேண்டிய கடிதத்தை ஆல்ப்ஸ் மலைக்கு அனுப்பிவிடுவான்.

வீட்டில் உள்ள கைப்பேசியை எடுத்து அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். மொழி ஓரிடத்தில் இருக்கும். வட்டாரம் அல்லது நாடு வேறோர் இடத்தில் இருக்கும். 'தமிழ் (இலங்கை)', 'தமிழ் (சிங்கப்பூர்)' என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, தேதி, எண், பணம் எழுதும் முறை எதில் மாறுகிறது, எதில் மாறவில்லை என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். (முடிந்ததும் பழையபடி மாற்றி வைத்துவிடுங்கள். வீட்டில் ஏச்சு வாங்கினால் நான் பொறுப்பில்லை.)

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கினேன். யாங்கோனில் இருக்கும் பெரியம்மாவின் மகளுக்குச் செய்தி எழுத வேண்டும் என்றார். மொழி தமிழ், நாடு இந்தியா என்று முன்பே அமைத்தாயிற்று. விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து, வட்ட வட்டமான அந்த எழுத்துகளைத் தேடித் தொட்டேன். பர்மீஸைச் சேர்க்கட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. படித்துச் சொன்னேன். அம்மா இந்த முறையும் "ஆமா" என்றுதான் சொன்னார்.